எங்கள் வளவுக்குள் வந்த பாரம்பரியம்

எங்கள் ஊருக்கு ஓர் ஆறு உண்டு என்பதை ஊரவர்கள் எவரைச் சந்தித்தாலும் சலாம் சொல்லி முடித்த கையோடு சொல்லிவிடுவார்கள். கல்முனையில் கடைத்தெரு இருக்கலாம், ஆஸ்பத்திரி இருக்கலாம், பஸ் டிப்போ இருக்கலாம். ஆறு இருக்கிறதா? சம்மாந்துறையில் நெல் ஆலைகள் இருக்கலாம். கடல் இருக்கிறதா? எங்களுக்கு மேற்கே ஆறு, கிழக்கே கடல், நடுவில் நாங்கள். இந்த அமைப்பைத் தாங்களே இருந்து திட்டம் போட்டுச் செய்ததுபோல எங்கள் ஆண்கள் பேசுவார்கள். உண்மையில் அந்த ஆற்றில் குளித்தவை எருமைகள். வலை வீசியவர்கள் என் வாப்பாவைப் போன்ற சிலர். உடுப்புத் துவைத்தவர்கள் பெண்கள். ஆற்றைப் பற்றிப் பேசியவர்களுக்கு அதில் இறங்க நேரம் கிடைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பக்கத்து ஊர்க்காரர்கள் பெரிய வீதிக்குக் குறுக்கே ஒரு வளைவைக் கட்டி, ‘தொன்மை மிகு எமதூர் உங்களை வரவேற்கிறது’ என்று பச்சை எழுத்தில் எழுதினார்கள். அதுவரை எங்கள் ஊர் எவ்வளவு பழையது என்று எவரும் கவலைப்பட்டதில்லை. அந்த வளைவின் கீழாகக் கல்முனைக்குப் போய்வரத் தொடங்கியதும் எங்கள் ஆண்களுக்குத் தூக்கம் கெட்டது. அவர்கள் தொன்மையானவர்கள் என்றால் நாங்கள் என்ன போன மாரிக்கு முளைத்தவர்களா? ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த பின் வாசிகசாலையில் கூடி, ஊர்ப் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவை அங்குரார்ப்பணம் செய்தார்கள்.

குழுவின் தலைவராகக் கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியாரைத் தெரிவு செய்தார்கள். சீமெந்து, கம்பி, கூரைத்தகடு, பெயின்ற் எல்லாம் எங்கள் ஊருக்கு அவருடைய கடையிலிருந்துதான் வரும். ஊரில் ஒரு பழைய வீடு இடிந்தால் அவருடைய கடையில் ஒரு லொறி நிறையும். இத்தனை பழைய வீடுகள் மறைந்து போவதற்குக் கைகொடுத்தவருக்கு அவற்றின் அருமை தெரியாமலா இருக்கும் என்று ஊர் நினைத்திருக்க வேண்டும்.

இந்த ஹாஜியாருடைய இரண்டாவது மகனைத்தான் எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குப் பேசியிருந்தார்கள்.

எங்கள் கரையில் வீடு பெண்ணுக்கு உரியது. மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டுமானால் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டில் வந்து குடியேறுவார். பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டைச் சுற்றிய அதே வளவின் பின்பக்கம் ஒரு கிடுகுக் கொட்டிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். குலத்தைச் சொல்லும் குடிப்பெயரும் தாய்வழியாகத்தான் வரும். ஆகவே எங்கள் ஊரில் ‘என் வீடு, என் வாசல்’ என்று நெஞ்சில் தட்டுகிற எந்த ஆணும் மனைவியின் மண்டபத்தில், மனைவிக்குச் சீதனமாக வந்த கதிரையில் இருந்துகொண்டுதான் தட்டுகிறார். இதை எவரும் வெட்கமாக நினைப்பதில்லை. யாராவது எடுத்துச் சொன்னால் மட்டும் வெட்கப்படுவார்கள்.

ஆற்றங்கரை வளவில் எங்கள் வீடு உம்மாவுக்கு அவருடைய உம்மா கொடுத்தது. சுண்ணாம்பும் சிப்பியும் சேர்த்துக் கட்டிய தடித்த சுவர்கள். முன்னால் இரண்டு பருத்த தூண்கள். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தால்தான் கைகள் எட்டும். தூண்களின் கம்பீரம் கூரையில் இல்லை. மாரி தொடங்கினால் எங்கள் சட்டிபானைகள் சமையலை விட்டுவிட்டு ஒழுக்குப் பிடிக்கப் போய்விடும்.

“மண்டபத்தோட புதுக் கல்லூடு. அறுவட முடியக் கலியாணம். அதுக்குள்ள ஊடு முடியாட்டி சொல்லிப்போடுங்க, மகனுக்கு வேற இடத்திலயும் கேட்டு வந்திரிக்காங்க” என்று ஹாஜியார் பேச்சை முடித்திருந்தார். ‘வேற இடம்’ எது என்றும் எங்களுக்குத் தெரியும். பக்கத்து ஊர், வளைவுக்கு அந்தப் பக்கம், வீடு கட்டி பெயின்ற் அடித்துத் தயாராக இருந்தது.

ராத்தாவுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அவள் வீட்டில் இருந்து சட்டை தைப்பவள். கல்முனைக்கு நூல் வாங்கப் போகும்போதெல்லாம் நூல்கடைக்கு ஹாட்வெயார் கடையைக் கடந்து போகிற வழி ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். தெரியாததுபோல இருந்தோம்.

நான் அப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் எவரும் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதில்லை. இதை அடக்கத்தோடு சொல்ல வேண்டும் என்பார்கள். உம்மா பெருவிரலில் மை தடவி என்னைச் சேர்த்துவிட்ட பள்ளிக்கூடம் அது. அதில் தமிழில் முதலாவதாக வந்தவள் நான். அடக்கத்துக்கு என்னிடம் இடமில்லை.

வாப்பா இருந்த வயல் துண்டை ஈடு வைத்து, பாண்டிருப்பிலிருந்து ஒரு மேசனை ஏற்பாடு செய்தார். யுத்த காலம் அது; வீதி திறந்திருந்து, சோதனைச் சாவடியில் வரிசை குறைவாக இருக்கும் நாட்களில் அவர் காலையிலேயே சைக்கிளில் வந்துவிடுவார். முதல் நாள் கூரையைக் கழற்றினார். இரண்டாம் நாள் கடப்பாரையை எடுத்துத் தூணருகே போனபோது வாசலில் ஒரு வான் வந்து நின்றது. பாரம்பரியக் குழு இறங்கியது. எல்லோரும் கோட் போட்டிருந்தார்கள். கமராக்காரர் ஒருவரும் கூட வந்திருந்தார்.

“நிப்பாட்டுங்க!” என்றார் ஹாஜியார். “இது சாதாரண ஊடில்ல. நம்மட ஊர ஆக்கின பெரியவர் இரிந்த ஊடு. ஒரு கல்லும் அசையக்கூடா.”

மேசன் கடப்பாரையை இறக்கி வைத்தார். “ஹாஜியார், முந்தாநாள் உங்கட கடையிலதான் இந்தக் கடப்பாரைய வாங்கினனான். அப்ப ஒண்டும் சொல்லல்லயே.”

“அது வியாபாரம். இது பாரம்பரியம்.”

தூண்களைப் பிடித்தபடி படமெடுத்துக்கொண்டார்கள். எங்களையும் சேர்த்து எடுக்கலாமா என்று கமராக்காரர் கேட்டார். வீட்டை மட்டும் எடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று பின்னேரமே ஹாஜியார் மறுபடி வந்தார். இந்தத் தடவை கோட் இல்லை. சாரனும் தொப்பியும், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கூரையில்லாத மண்டபத்தில் இருந்துகொண்டு வானத்தைப் பார்த்தார்.

“என்ன தங்கச்சி, வேல அப்பிடியே நிக்கிது? நாள் போகுதுதானே.”

உம்மா தேத்தண்ணீரை வைத்தார். “காலையில இடிக்கக்கூடா எண்டு சொன்ன நீங்கதானே, காக்கா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

“அது தலைவர் சொன்னது.”

“தலைவர் ஆரு?”

“நான்தான். ஆனா இப்ப வந்திரிக்கிறது மாப்பிள்ளட வாப்பா.”

“அப்ப மாப்பிள்ளட வாப்பா அந்தத் தலைவரோட ஒருக்காக் கதைச்சிப் பாக்க ஏலாதா?”

ஹாஜியார் உண்மையாகவே யோசித்தார். “கதைக்கலாம். ஆனா அவர் கொஞ்சம் புடிவாதக்காரன்.”

வாப்பா வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். உம்மா சிரிக்கவில்லை. ராத்தா தையல் மெசினை மிதிப்பதை நிறுத்திவிட்டாள். இடித்தால் தலைவர் விடமாட்டார். இடிக்காவிட்டால் மாப்பிள்ளையின் வாப்பா விடமாட்டார். இரண்டு பேரும் ஒரே வாயால் ஒரே வாழைப்பழத்தைத் தின்றுகொண்டு எதிரே இருந்தார்கள்.

அடுத்த கிழமை குழுவிலிருந்து எனக்கு ஆள் வந்தது. எங்கள் வீட்டின் முன்னால் பெயர்ப்பலகை ஒன்றைத் திரை நீக்கப் போகிறார்களாம். பிரதம அதிதி வருகிறாராம். வீட்டு வரலாற்றை நல்ல தமிழில் எழுதி விழாவில் வாசிக்க வேண்டுமாம். “நீ தமிழில முதலாவதா வந்த புள்ளதானே” என்றார்கள். நான் போனேன். வாசிகசாலையில் கதவோரமாக எனக்கு உட்கார ஒரு வாங்கு போட்டிருந்தார்கள். மூன்று கூட்டங்கள் இருந்து கேட்டேன்.

முதற் கூட்டத்தில் பெரியவர் தென்னிந்தியாவிலிருந்து புடைவை மூட்டையோடு வந்த ஒரு வியாபாரி. இரண்டாவது கூட்டத்துக்குள் அவர் யெமன் தேசத்தவராகிவிட்டார். மூட்டை கப்பலாயிற்று. மூன்றாவது கூட்டத்தில் கண்டி மன்னர் நேரில் வந்து அவருக்குக் காணி கொடுத்தார். இன்னும் ஒரு கூட்டம் நடந்திருந்தால் காணியைப் பெரியவர்தான் மன்னருக்குக் கொடுத்திருப்பார்.

“கப்பல் எதில வந்த?” என்று குழுவின் செயலாளர் கேட்டார். அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். எழுதிக்கொள்வதற்காகத்தான் கேட்டார்.

“நம்மட ஆத்திலதான்.”

“ஆத்துவாய் மண் மூடிக் கிடக்குமே?”

“அந்தக் காலத்தில மண் இல்ல” என்று தலைவர் முடித்தார். அந்தக் காலத்தில் மண்ணே இல்லை என்று செயலாளர் எழுதிக்கொண்டார்.

நான் வாங்கில் இருந்தபடி கேட்டேன். “பெரியவர் கலியாணம் முடிச்சவரா, மாமா?”

எல்லோரும் சிரித்தார்கள். “முடிக்காம நாங்கெல்லாம் எப்பிடிப் புள்ள வந்த?”

“எங்க முடிச்ச?”

“இஞ்சதான். இந்த ஊர்ப் பொண்ண.”

“சரி மாமா” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. மீதியை எங்கள் ஊர் வழக்கம் எழுதிக்கொடுத்தது.

விழா நாளன்று வளவில் பந்தல் போட்டார்கள். ஆண்களுக்குக் கதிரைகள். பெண்களுக்கு வேலியோரமாகச் சேலை கட்டி மறைத்துப் பாய்கள். தூணில் பலகையை ஆணியடித்து வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். கூரையில்லாத வீடு படத்தில் நன்றாக வராது என்று மேலே ஒரு படங்குத் துணியை இழுத்துக் கட்டினார்கள். பிரதம அதிதி இருட்டுவதற்கு முன் அம்பாறைக்குத் திரும்ப வேண்டும் என்பதால் மூன்று பேருடைய தலைமையுரைகளை இரண்டாகச் சுருக்கினார்கள். பின் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு மைக்கின் முன் நின்றேன். கப்பலை வரவேற்றேன். மன்னரைப் போற்றினேன். தலைவர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். பிறகு இப்படி வாசித்தேன்:

“கரையிறங்கிய அப்பெரியவர் இவ்வூர்ப் பெண் ஒருத்தியை மணந்தார். நமது வழக்கப்படி அப்பெண்ணின் தகப்பனார் பழைய வீட்டை இடித்து, மகளுக்காக இந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தார். பெரியவர் இதில் மாப்பிள்ளையாக வந்து குடியேறினார். பெண்மக்களுக்காகப் பழையதை இடித்துப் புதிய வீடு கட்டிக் கொடுப்பதே இவ்வூரின் தலையாய பாரம்பரியமாகும். அதனைப் பாதுகாக்க முன்வந்திருக்கும் குழுவினருக்கு இவ்வீட்டார் சார்பில் நன்றி.”

தலைவர் தலையாட்டுவதை நிறுத்தினார். பிறகு சேலை மறைப்புக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அப்ப பெரியவரும் ஊட்டோட மாப்பிள்ளதானா?”

“பின்ன என்னகா? கப்பல்ல வந்தவரெண்டா சொந்த ஊட்டயும் ஏத்திக்கிட்டா வந்திருப்பார்?”

“பொண்ணு இஞ்ச இரிந்திரிக்காள்தானே. பொண்ணிட வாப்பாவும் இரிந்திரிக்கார். அப்ப இவர் வாறதுக்கு முன்னமே ஊரு இரிந்திரிக்கி. இவர் என்னத்த ஆக்கின?”

சேலை குலுங்கியது. ஆண்கள் பக்கத்திலும் பின்வரிசைக் கதிரைகள் ஆடின, கைதட்டலும் கேட்டது. இடையில் ஒருவர் எழுந்து, “தலைவர், வீடு பெண் குடிக்குப் போகுமெண்டா இது அவங்கட குடிப் பாரம்பரியம். உங்கட குடி வேறதானே?” என்று கேட்டார். கேட்டவர் வேறு குடி. அவருக்கு நெடுநாளாக இந்தச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். பிரதம அதிதி அவசரமாகத் துணியை இழுத்தார். துணி வந்தது. ஆணி சரியாக அடிபடாததால் பலகையும் சேர்ந்து வந்தது.

நான் பெருமையோடு வீட்டுக்குள் போனேன். ராத்தா மெசினுக்கு முன்னால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

“ஒனக்குக் கைதட்டிப்போட்டாங்க. இனி அந்தாள் மகன எனக்குத் தருவாரா?”

அதை நான் யோசிக்காமல் இல்லை. ஹாஜியார் தாமே கூட்டத்தில் சொல்லிக்கொண்டதைத் தாமே மறுக்க முடியாது என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் கோபித்துக்கொள்வார் என்ற பக்கம் என் கணக்கில் வரவில்லை. உயர்தரத்தில் அது பாடமாக இல்லை.

அதன் பிறகு ஹாஜியார் வீட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. மேசன் வந்து, கடப்பாரையைப் பார்த்துவிட்டுப் போனார். பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேர் ஹாட்வெயார் கடைக்கு வந்து நெடுநேரம் கதைத்துவிட்டுப் போனதாக வாப்பா மீன் விற்கப் போன இடத்தில் கேட்டு வந்தார். ராத்தாவுக்குத் தெரியாமல் உம்மாவிடம் மெல்லச் சொன்னார். அந்த வீட்டில் கூரை இல்லாததால் எதையும் மெல்லச் சொல்ல முடியாது. ராத்தா நூல் வாங்கப் போவதை நிறுத்தினாள். தைத்து முடிக்காத சட்டைகள் மடியில் கிடந்தன.

ஒரு காலையில் முச்சக்கர வண்டியில் ஹாஜியாரின் மனைவி தனியாக வந்திறங்கினார். உம்மா அவசரமாகத் தேத்தண்ணீர் ஊற்றினார். ஊற்றியதில் பாதி கோப்பைக்குக் கீழிருந்த பீரிசில் வழிந்தது. வந்தவர் கோப்பையை எடுக்கும்போதே தொடங்கிவிட்டார்.

“எங்கட மனிசன் சரியாச் சோறு திங்கல்ல. என்னத்துக்கெண்டு கேட்டா, ஊட்டோட மாப்பிள்ளயெண்டு சிரிச்சிட்டாங்களாம். கலியாணம் முடிச்ச நாளிலிருந்து என்ட ஊட்டிலதான் இரிக்கார். இப்பதான் வெக்கம் வந்திரிக்கி.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீதானா எழுதின? நல்ல வாய். ஒன்னக் கட்டப்போறவன் பாவம்.” பிறகு ராத்தாவின் பக்கம் திரும்பி, “மகனும் சோறு திங்கல்ல. அது வேற விசயத்துக்கு” என்றார். ராத்தா எழுந்து குசினிக்குள் ஓடினாள். ஒரு கிழமைக்குப் பிறகு அன்றுதான் அவள் ஓடியதைக் கண்டேன்.

“ஆம்பிளைக்கு மடக்கிக் குடுத்தா ஏறாது. பெருமைய ஏத்திக் குடுக்கணும்” என்று அவர் உம்மாவிடம் சொன்னார். “நான் ஏத்திக் குடுத்திரிக்கன். பின்னேரம் வருவார். ஒண்டும் தெரியாத மாதிரி இரிங்க.”

பின்னேரம் ஹாஜியார் கோட்டோடு வந்தார். கோட்டுக்குக் கீழே சாரன். தலைவரும் மாப்பிள்ளையின் வாப்பாவும் சமாதானமாகிவிட்டார்கள் என்று எனக்கு விளங்கியது.

“நான் யோசிச்சிப் பாத்தன்” என்றார். “பெரியவர் இந்த வளவுக்கு மாப்பிள்ளையா வந்தவர். என்ட மகனும் இந்த வளவுக்கு மாப்பிள்ளையா வாறான். வேற ஆருக்கு இந்தச் சிறப்பு இரிக்கி? அவருக்குப் புதுசாக் கட்டிக் குடுத்த மாதிரி இவனுக்கும் கட்டித்தான் ஆகணும். தூண் ரெண்டும் இரிக்கட்டும். மத்ததெல்லாம் இடிங்க. சீமெந்து நான் தாறன், காசு ஆறுதலாத் தாங்க.”

“தலைவர் ஒத்துக்குவாரா?” என்று உம்மா கேட்டார்.

“அவர்தான் முதல் ஒத்துக்கொண்டவர்.”

வீடு எழும்பியது. பழைய தூண்கள் இரண்டும் புதிய கொங்கிறீற் மண்டபத்துக்கு முன்னால், எதையும் தாங்காமல், கலியாணத்துக்கு அழைப்பில்லாமல் வந்தவர்களைப்போல நின்றன. ஹாஜியார் தம் கடையிலிருந்து பெயின்ற் அனுப்பி அவற்றுக்குப் பச்சை அடிப்பித்தார். தொன்மை தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமல்லவா?

அறுவடை முடிந்தது. அந்த ஆண்டுகளில் இரவுப் பயணம் எவருக்கும் தோதில்லாததால் கலியாணங்கள் எல்லாம் பகலுக்கு மாறியிருந்தன. மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர். நடந்து வந்தால் ஒரு பீடி இழுத்து முடிவதற்குள் வந்துவிடலாம். ஹாஜியார் சம்மதிக்கவில்லை. பெரியவர் ஆற்றால் வந்தார், ஆகவே மாப்பிள்ளையும் ஆற்றால்தான் வருவார். வாப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். உம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். எங்களுக்குக் கலியாணம் நடக்க வேண்டும். கப்பலில் வந்தால் என்ன, ஒட்டகத்தில் வந்தால் என்ன?

ஆகவே மாப்பிள்ளையை வானில் ஏற்றிப் பாலத்தைக் கடந்து அக்கரைக்குக் கொண்டுபோனார்கள், இக்கரைக்கு வருவதற்காக. இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, பலகை அடித்து, வண்ணத்தாள் ஒட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை, ஹாஜியார், குழுவின் எல்லா உறுப்பினர்கள், கமராக்காரர், ஒலிபெருக்கி, அதற்குரிய பற்றரி எல்லாம் ஏறின. இக்கரையில் ஊர் திரண்டு நின்றது. புது வீட்டின் ஜன்னலால் ராத்தாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாதி ஆற்றில் தோணிகள் நின்றுவிட்டன. கம்பால் ஊன்றினார்கள். கம்பு சேற்றில் நின்றது, தோணி நகரவில்லை. அருகில் கிடந்த எருமைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. அவற்றுக்கு வயிறு நனையும் அளவுக்குக்கூட அங்கே தண்ணீர் இல்லை.

“அல்லா, திரும்பிப் போயிருவாங்களோ?” என்று ராத்தா என் கையைப் பிடித்தாள்.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தார். சாரனை மடித்துக் கட்டினார். ஒலிபெருக்கி திறந்திருந்ததால் பேச்செல்லாம் இக்கரைக்குத் தெளிவாகக் கேட்டது.

“இறங்காத மகன்! பெரியவர் இப்பிடியா இறங்கின?”

“பெரியவர் வாப்பாவக் கூட்டிக்கிட்டு வரல்ல, வாப்பா.”

சொல்லிவிட்டுக் குதித்தார். முழங்கால் வரை சேறு. எருமைகளுக்கு நடுவால், சப்பாத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, எங்கள் வளவை நோக்கி நடந்தார். கரையில் நின்ற பெண்கள் குரவை போட்டார்கள். ராத்தா என் கையை விட்டுவிட்டாள். ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளைக்குக் கால் கழுவுவது எங்கள் வழக்கம். வழக்கத்துக்காக ஒரு செம்பிலிருந்து நாலு துளி ஊற்றி மோதிரம் வாங்கிக்கொள்வார்கள். எங்களுக்குச் சகோதரன் இல்லாததால் மாமாவின் மகன் செம்போடு நின்றார். வந்த காலைப் பார்த்ததும் செம்பை வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு வாளி எடுக்க ஓடினார். ஹாஜியார் நடு ஆற்றிலிருந்து, நேரம் போகிறது, நிற்காமல் உள்ளே போகச் சொல்லுங்கள் என்று மைக்கில் சத்தமிட்டுக்கொண்டிருந்தார்.

உம்மா மண்டப வாசலில் வந்து நின்றார். சிவப்புச் சீமெந்துத் தரை முதல் நாள்தான் மெழுகப்பட்டிருந்தது.

“ஊர ஆக்கினவரா இரிந்தாலும் சரி, வடிவாக் காலக் கழுவிப்போட்டு வரச் சொல்லுங்க. இது என்ட மகள்ட ஊடு.”

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். ஆற்றில் மீதமிருந்த பாரம்பரியத்தை இறக்கிக்கொண்டு வர வாப்பா தன் சின்னத் தோணியைத் தள்ளினார்.